ரைட் சொல்லுங்கப்பா, வண்டி கிளம்பட்டும்

1/
"டயாலிசிஸ் வார்டுலயா வேலை? ஒரே அழுகையா இருக்குமே, எப்படி டாக்டர் சமாளிக்கிறீங்க?"

கல்யாண வீடு, ரயில், பக்கத்து வீட்டு மொட்டை மாடின்னு எங்க போனாலும் இந்தக் கேள்வி வந்துடும். பதில் சொன்னா யாரும் நம்புறதில்லை. எங்க ஆஸ்பத்திரியில சிரிப்புச் சத்தம் அதிகமா கேக்குற இடமே அதுதான். பிரசவ வார்டுக்குக்கூட ரெண்டாவது இடம்தான்.

ஏன்னு ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், டீயோட உக்காருங்க. இதுல வர்றவங்க யாருன்னு தெரியக் கூடாதுன்னு ஊர், வயசு, குடும்ப விவரங்களை மாத்தியிருக்கேன்.

2/
முதல்ல நோயைப் பத்தி நாலு வரி. இது தெரிஞ்சாதான் மத்தது புரியும்.

நல்லா இருக்கிற சிறுநீரகம் ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டும். தேவையானதைத் திரும்ப உடம்புக்கே குடுத்துட்டு, ஒண்ணரை ரெண்டு லிட்டரை மட்டும் சிறுநீரா வெளிய அனுப்பும். அதுக்கு ஞாயித்துக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. வாரத்துக்கு 168 மணி நேரமும் டியூட்டி.

அது நின்னு போனவங்களுக்கு மெஷின். வாரம் மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மொத்தம் 12 மணி நேரம். நம்ம ஊர்ல பலருக்கு வாரம் ரெண்டு தடவைதான் நடக்குது. 168 மணி நேர வேலையை 8 மணி நேரத்துல முடிக்கணும். மீதி நேரம் முழுக்க குடிக்கிற தண்ணியும், சாப்பாட்டுல இருக்கிற உப்பும் பொட்டாசியமும் உள்ளேயே சேர்ந்துகிட்டு இருக்கும்.

3/
அதனாலதான் தண்ணிக்குக் கணக்கு. முந்தின நாள் எவ்வளவு சிறுநீர் போச்சோ அது, கூட ஒரு அரை லிட்டர். பொதுவா இவ்வளவுதான். சிறுநீரே போகாதவங்களுக்கு அந்த அரை லிட்டர் மட்டும். காபி, ரசம், மோர், மாத்திரை முழுங்குற தண்ணி எல்லாம் அதுக்குள்ள அடங்கணும். சித்திரை வெயில்லயும் இதே கணக்குதான்.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, அவங்க படுத்திருக்கிற கட்டிலுக்குப் பக்கத்துல மெஷின் வழியா நிமிஷத்துக்கு அரை லிட்டர் சுத்திகரிச்ச திரவம் ஓடிகிட்டே இருக்கும். நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர்.

ஒரு நாள் இந்தக் கணக்கை ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் மெஷினை ஒரு பார்வை பாத்தார். "டாக்டரம்மா, அது குடிக்கிறது 120 லிட்டர். எனக்கு அரை லிட்டர். அப்போ இங்க நோயாளி யாரு?"

ஆறு கட்டிலும் சிரிச்சது.

4/
அவர் கண்டக்டர் அண்ணே. தனியார் பஸ்ல முப்பது வருஷம் விசில் ஊதினவர். சுகர்ல சிறுநீரகம் போச்சு. எங்க காலை ஷிஃப்ட்ல ரெண்டாம் நம்பர் கட்டில்.

ஒவ்வொரு தடவையும் டயாலிசிஸுக்கு முன்னாடி எடை பாப்போம். போன தடவை கிளம்பினப்போ இருந்த எடைக்கு மேல எத்தனை கிலோ கூடியிருக்கோ, கிட்டத்தட்ட அத்தனை லிட்டர் தண்ணி உடம்புல தங்கியிருக்குன்னு அர்த்தம். எடை மெஷின்கிட்ட யாரும் பொய் சொல்ல முடியாது.

கண்டக்டர் அண்ணே மட்டும் விடமாட்டார். மூணரை கிலோ கூடியிருக்கும். சிஸ்டர் முறைப்பாங்க. அவர் சட்டைப் பையைத் தடவிகிட்டே சொல்வார்: "சில்லறை சிஸ்டர். முப்பது வருஷத்துச் சில்லறை. அவ்வளவு சீக்கிரம் இறங்காது."

அவர் மனைவி வெளிய பெஞ்சுல இருந்து குரல் குடுப்பாங்க. "சில்லறையாம்! ராத்திரி ரெண்டு சொம்பு மோர் குடிச்சதைச் சொல்லச் சொல்லுங்க."

5/
ஆறு மெஷினும் ஓட ஆரம்பிச்சதும் அண்ணே படுத்தபடியே "ரைட்... ரைட்"னு குரல் விடுவார். நாலு மணி நேரம் கழிச்சு ஊசியை எடுக்கும்போது, "ஸ்டாண்டு வந்தாச்சு, தூங்குறவங்களை எழுப்பி விடுங்கப்பா." புதுசா யாராவது பயந்துபோய் வாசல்லயே நின்னா, "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க."

டயாலிசிஸ் எடுக்கிறவங்களுக்குக் கையில ஒரு தமனியையும் சிரையையும் சேர்த்து ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க. ஃபிஸ்டுலான்னு பேரு. தொட்டா உள்ள விர்ர்ருன்னு அதிரும். அந்த அதிர்வு இருக்கான்னு தினமும் தொட்டுப் பாக்கச் சொல்லுவோம். நின்னுட்டா உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். அண்ணே காலையில வந்ததும் கையைத் தொட்டுக் காட்டிச் சொல்ற ரிப்போர்ட்: "எஞ்சின் ஓடுது டாக்டரம்மா."

6/
இந்த வார்டோட விசேஷம், அதே ஆறு பேர், அதே நாள், அதே நேரம், வருஷக்கணக்கா. யோசிச்சுப் பாருங்க, உங்க சொந்த அண்ணன் தம்பியோட வாரத்துக்கு எட்டு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல படுத்துகிட்டுப் பேசுறீங்களா? இவங்க பேசுறாங்க. இதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு "ஷிஃப்ட் சொந்தம்".

அந்த ஷிஃப்ட்ல கண்டக்டர் அண்ணே தவிர ஒரு பூக்காரம்மா, ஒரு ரிட்டயர்டு வாத்தியார், ஒரு லாரி டிரைவர், தறி ஓட்டுற ஒரு அக்கா, அப்புறம் செல்போன் கடையில ரிப்பேர் வேலை பாக்குற ஒரு தம்பி.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல டயாலிசிஸுக்குக் காசு கிடையாது. ஆனா பஸ்ஸுக்குப் போறதும், அன்னிக்குக் கூலி போறதும் அவங்கவங்க தலையிலதான். சின்னச் சின்ன உதவி பெருசாகிறது அங்கதான்.

7/
மூணு உதாரணம் சொல்றேன்.

முகூர்த்த நாள்னா பூக்காரம்மாவுக்கு ஒரு வாரத்து வருமானம் ஒரே காலையில வரும். அது டயாலிசிஸ் நாளா அமைஞ்சா வாத்தியார், மத்தியான ஷிஃப்ட்ல இருக்கிற தனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட பேசி நேரத்தை மாத்தி வாங்கிக் குடுப்பார். அதுக்குப் பதிலா அந்த ஆளோட வேற ஒரு நாளை இவர் எடுத்துக்கணும். அதுக்கு விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து முதல் பஸ் பிடிக்கணும். கேட்டா, "எனக்கென்னம்மா, ரிட்டயர்டு ஆளு. பஞ்சாங்கத்தை முன்னாடியே பாத்து வச்சுட்டேன்"பார்.

பூக்காரம்மா சும்மா இருப்பாங்களா? வீட்டுலயே பிஸ்கட் பாக்கெட்டை எல்லாம் பிரிச்சு ஒரு டப்பாவுல அடுக்கிக் கொண்டு வந்துடுவாங்க. ஒரு கையில ரெண்டு ஊசி குத்தியிருக்கும்போது இன்னொரு கையால பாக்கெட்டைப் பிரிக்க முடியாது. இது மத்தவங்களுக்குத் தோணாது, அங்க படுத்தவங்களுக்குத்தான் தெரியும்.

லாரி டிரைவர் வீட்டுல ஐஸ் டிரே வாங்கினார். தனக்கு அனுமதிச்ச தண்ணியில கொஞ்சத்தை உறைய வச்சுச் சப்பினா ஒரு மடக்கு ரொம்ப நேரம் தாங்கும்னு நாங்க சொன்னது. அவர் ஒண்ணுக்குப் பதிலா ஆறு டிரே வாங்கிட்டு வந்து கட்டிலுக்கு ஒண்ணா குடுத்தார். "மொத்தமா வாங்கினா விலை குறைச்சான் டாக்டர்." பொய். பில்லை நான் பாத்தேன்.

8/
இந்தத் த்ரெட் எழுதக் காரணமே அந்தத் தம்பிதான்.

இருபத்தஞ்சு வயசைத் தாண்டின கொஞ்ச நாள்ல ரெண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போச்சு. பேசி வச்சிருந்த கல்யாணம் நின்னு போச்சு. வெயில்லயும் முழுக்கைச் சட்டை போட்டுகிட்டு வருவான், கை தெரியக் கூடாதுன்னு. காதுல ஹெட்போன், முகம் சுவர்ப் பக்கம். யார் பேசினாலும் "ம்" மட்டும்தான்.

ரெண்டாவது மாசம் ஒரு டயாலிசிஸுக்கு வரலை. மூணாவது மாசம் ரெண்டு தடவை.

9/
ஒரு தடவை தவறினா என்ன ஆகும்? பொட்டாசியம் ஏறினா இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். தண்ணி நுரையீரல்ல கோத்துக்கலாம். 2011ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஆய்வு வந்தது. அமெரிக்காவுல வாரம் மூணு தடவை டயாலிசிஸ் எடுக்கிற 32,000 பேருக்கு மேல பாத்தாங்க. வாரக் கடைசியில வர்ற ரெண்டு நாள் இடைவெளி முடியுற நாள்லதான் இறப்பும், இதயப் பிரச்சினைக்காக ஆஸ்பத்திரியில சேர்றதும் மத்த நாட்களைவிட அதிகம். ஒழுங்கா வர்றவங்களுக்கே அந்த ஒரு நாள் கூடுதல் இடைவெளி அவ்வளவு பாதிப்பு. அப்போ தவற விடுறவங்க நிலைமை?

செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சோம். போன் போட்டோம், அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினோம். மனநல மருத்துவர் பாத்து மாத்திரை ஆரம்பிச்சார். ஆனா அந்த மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும். அந்தச் சில வாரத்துக்கும் அவனை உயிரோட கொண்டு போகணுமே.

ஒரு நாள் எங்கிட்ட நேராவே சொன்னான். "போதும் மேடம். அடுத்த வாரத்துல இருந்து வரலை."

அவன் குரல்ல கோபமே இல்லை. அதுதான் பயமா இருந்தது.

10/
பக்கத்துக் கட்டில்ல கண்டக்டர் அண்ணே கண்ணை மூடியிருந்தார். தூங்கலைன்னு எனக்குத் தெரியும்.

அவர் அறிவுரை சொல்லலை. "உனக்கென்னப்பா, சின்ன வயசு"ன்னு ஆரம்பிக்கலை. அடுத்த தடவை வந்தப்போ தன் பழைய பட்டன் போனை எடுத்து நீட்டினார். "தம்பி, நீ போன் ரிப்பேர் பண்றவனாமே. இதுல எதிராளி பேசுறது காதுல விழ மாட்டேங்குது. இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் நிம்மதியா இருக்கேன், இருந்தாலும் பாரு."

வெளிய பெஞ்சுல இருந்து, "யாரைச் சொல்றாரு?"

தம்பி ஒரு கையால போனை வாங்கிப் பாத்தான். சிஸ்டர்கிட்ட ஒரு ஊக்கு கேட்டான். காது வைக்கிற ஓட்டையைக் குடைஞ்சான். வெள்ளையா பொடி கொட்டுது. முகர்ந்து பாத்தான்.

"அண்ணே... இது திருநீறு."

"அட, சாமி உள்ளேயே இருந்திருக்காரு. அதான் கூப்பிட்டா மட்டும் எடுக்கலை!"

வாத்தியார் சிரிச்ச சிரிப்புல அவர் மெஷின் அலாரம் அடிச்சது. கை அசைஞ்சுட்டா அப்படி அடிக்கும். சிஸ்டர் ஓடி வந்து திட்டினாங்க, திட்டும்போதே அவங்களும் சிரிச்சாங்க. தம்பியும் சிரிச்சான். மூணு மாசத்துல அவன் பல்லை அன்னிக்குத்தான் நாங்க பாத்தோம்.

11/
அடுத்த தடவை பூக்காரம்மா தன் போனைக் கொண்டு வந்தாங்க, சார்ஜ் ஏறலைன்னு. "இங்க முடியாதும்மா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அடுத்த தடவை தர்றேன்"னான்.

கவனிச்சீங்களா? அடுத்த தடவை.

அடுத்த வாரத்துல இருந்து வரலைன்னு சொன்னவன், பூக்காரம்மா போனைக் குடுக்கிறதுக்காக வந்தான். அதுக்கடுத்த தடவை தறி அக்கா பையனோட போன். அப்புறம் டெக்னீஷியனோட இயர்போன். ஒத்தைக் கை சர்வீஸ் சென்டர்னு வாத்தியார் பேரு வச்சார். ஆறு வாரத்துல மாத்திரையும் வேலை செய்ய ஆரம்பிச்சது. ஹெட்போன் கழுத்துக்கு இறங்கிச்சு. அதுக்கப்புறம் அவன் ஒரு டயாலிசிஸ் கூட தவற விடலை.

மாத்திரையா, திருநீறான்னு கேக்காதீங்க. ரெண்டும் வேணும். மாத்திரை வேலை செய்யுற வரைக்கும் ஆளை வர வச்சது மத்தது.

அந்த அஞ்சு பேரும் அவனுக்கு உதவி செய்யலை, அவன்கிட்ட உதவி கேட்டாங்க. நோய் வந்த நாள்ல இருந்து எல்லாரும் அவனுக்குக் குடுத்துகிட்டே இருந்தோம்: மருந்து, புத்திமதி, பரிதாபம். அவன்கிட்ட இருந்து வாங்கிக்க யாரும் இல்லாம இருந்தது.

12/
கொஞ்சம் அறிவியல்.

ராபர்ட் ப்ரோவைன்னு ஒரு அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். சிரிப்பை ஆராய அவர் கடைவீதியிலயும் கல்லூரி வளாகத்துலயும் ஜனங்க பேசுறதை ஒட்டுக் கேட்டுக் குறிச்சார். சிரிப்புக்கு முன்னாடி வந்த பேச்சுல ஜோக்குன்னு சொல்லத் தகுந்தது 10 முதல் 20 சதவீதம்தான். மீதியெல்லாம் "சரி, அப்புறம் பாக்கலாம்" ரகப் பேச்சு. தனியா இருக்கிறதைவிட ஆளோட இருக்கும்போது நாம 30 மடங்கு அதிகமா சிரிக்கிறோம்னும் அவர் எழுதினார்.

அதாவது பெரும்பாலான சிரிப்போட அர்த்தம் "இது வேடிக்கையா இருக்கு" இல்லை. "நான் உங்கூட இருக்கேன்".

13/
இன்னொண்ணு. அமித் குமார், நிக்கோலஸ் எப்லின்னு ரெண்டு ஆய்வாளர்கள். குளிர்காலத்துல சிகாகோவுல பனிச்சறுக்கு நடக்குற ஒரு பூங்காவுல, வந்தவங்ககிட்ட ஒரு கப் சூடான சாக்லேட் பானத்தைக் குடுத்து, நீங்களே வச்சுக்கலாம் அல்லது முன்பின் தெரியாத ஒருத்தருக்குக் குடுக்கலாம்னு சொன்னாங்க. குடுத்தவங்ககிட்ட "அவருக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்?"னு கேட்டாங்க. வாங்கினவங்ககிட்ட உண்மையான அளவைக் கேட்டாங்க. குடுத்தவங்க நினைச்சதைவிட வாங்கினவங்க சந்தோஷம் அதிகம்.

குடுத்தவங்க பாத்தது ஒரு கப் பானத்தை. வாங்கினவங்க பாத்தது, யாரோ ஒருத்தர் தன்னை நினைச்சதை. "இதென்ன பெரிய விஷயம், இதைப் போய்ச் செய்யணுமா"ன்னு நாம தயங்குற ஒவ்வொரு தடவையும் இந்தக் கணக்கைத்தான் தப்பா போடுறோம்.

14/
டயாலிசிஸோட வரலாற்றுலயும் ஒரு வேடிக்கை இருக்கு. வார்டுல ஒரு நாள் சொன்னேன்.

வில்லெம் கோல்ஃப்னு ஒரு டச்சு டாக்டர். ரெண்டாம் உலகப் போர், ஊர் நாஜிகள் கையில. சாமான் எதுவும் கிடைக்காத அந்தக் காலத்துல, சாசேஜ் உறைக்குப் பயன்படுற செல்லோஃபேன் குழாயை மர உருளையில சுத்தி, 1943ல டயாலிசிஸ் மெஷின் செஞ்சார். முதல் பத்துப் பதினைஞ்சு நோயாளிகள்ல கிட்டத்தட்ட யாரும் பிழைக்கலை. 1945ல 67 வயசு அம்மா ஒருத்தர் கோமாவுல இருந்து எழுந்தார். அவர் நாஜிகளோட ஒத்துழைச்சதுக்காகக் காவல்ல இருந்தவர். நாஜிகளை வெறுத்த கோல்ஃப்தான் அவருக்கு வைத்தியம் பாத்தார். நோயாளின்னு வந்துட்டா நோயாளிதான்.

அந்த அம்மா கண் விழிச்சு முதல்ல என்ன சொன்னாங்களாம்? "நான் என் புருஷனை விவாகரத்து பண்ணப் போறேன்." அப்படித்தான் அந்தக் கதையைச் சொல்றாங்க.

பூக்காரம்மா கன்னத்துல கை வச்சாங்க. "மகராசி! ரத்தம் சுத்தமானதும் புத்தி தெளிஞ்சிருக்கு."

வெளிய பெஞ்சுல இருந்து கண்டக்டர் அண்ணே மனைவி: "எனக்கு ஒரு தடவை அந்த மெஷினைப் போட்டு விடுங்க டாக்டரம்மா."

15/
ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். "சிரிப்பே சிறந்த மருந்து"ன்னு வாட்ஸ்அப்ல வந்தா அப்படியே நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. சிரிச்சா கிரியேட்டினின் குறையாது, பொட்டாசியம் இறங்காது. அதுக்கு மெஷின்தான்.

எல்லாச் சிரிப்பும் அன்பும் இல்லை. சிறுநீரகம் கெட்டவங்களுக்குத் தோல் நிறம் மங்கும். சொந்தக்காரங்க விசேஷத்துல பாத்து, "என்னடா இப்படிக் கரிக்கட்டையாயிட்ட"ன்னு சிரிப்பாங்க. அன்னிக்கு ராத்திரி அவர் சாப்பிட மாட்டார். நோயைப் பத்தி ஜோக் அடிக்கிற உரிமை நோயாளிக்குத்தான் முதல்ல. எங்க யூனிட்ல அதை எழுதாத சட்டமா வச்சிருக்கோம். அவங்க ஆரம்பிச்சா நாங்க சேர்ந்துக்குவோம்.

16/
போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி கண்டக்டர் அண்ணே போயிட்டார். தூக்கத்துல, மாரடைப்பு. டயாலிசிஸ் எடுக்கிறவங்களைப் பெரும்பாலும் கொண்டு போறது இதயம்தான்.

அடுத்த ஷிஃப்ட். ரெண்டாம் நம்பர் கட்டில்ல துவைச்ச விரிப்பு மட்டும். டிவியை யாரும் போடச் சொல்லலை. வழக்கமா ரிமோட்டுக்கு வாத்தியாருக்கும் பூக்காரம்மாவுக்கும் சண்டை நடக்கும், நியூஸா சீரியலான்னு. அன்னிக்கு ரிமோட் ஜன்னல்லயே கிடந்தது. அஞ்சு மெஷினையும் டெக்னீஷியன் ஒவ்வொண்ணா ஓட விட்டார். எல்லாம் ஓடுது. ஆனா ஏதோ ஆரம்பிக்காத மாதிரியே இருந்தது.

ரொம்ப நேரம் கழிச்சுப் பூக்காரம்மா சொன்னாங்க. "யாராச்சும் ரைட் சொல்லுங்கப்பா. வண்டி எப்படிக் கிளம்பும்?"

யாரும் பேசலை. அப்புறம் சுவர்ப் பக்கமிருந்து, தம்பியோட குரல். ஒரு தடவை தொண்டையைச் செருமிகிட்டான்.

"ரைட்... ரைட்."

லாரி டிரைவர், "ஹார்ன் அடிக்கவா?"ன்னார். சிரிச்சுகிட்டே அழுதாங்களா, அழுதுகிட்டே சிரிச்சாங்களா, எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. சிஸ்டர் என் பக்கம் திரும்பலை, நானும் அவங்க பக்கம் திரும்பலை.

17/
பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அண்ணே மனைவி வந்தாங்க, மிச்சம் இருந்த மருந்தையெல்லாம் இல்லாதவங்களுக்குக் குடுக்கச் சொல்லி. தேதி பாத்துப் பிரிச்சு வாங்கிகிட்டோம். கிளம்பும்போது தம்பியைப் பாத்ததும் அவங்களுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

"அந்தப் போனுக்கு ஒண்ணும் இல்லை தம்பி. முந்தின நாள் ராத்திரி ஊக்கை வச்சு இந்த மனுஷன் திருநீறை அடைச்சுகிட்டு இருந்தாரு. என்னங்க பண்றீங்கன்னு கேட்டா, 'பக்கத்து சீட்டுப் பையன் பாதி வழியில இறங்கப் பாக்குறான், டிக்கெட் கடைசி ஸ்டாப் வரைக்கும் இருக்கு'ன்னாரு."

தம்பி பதில் சொல்லலை. அவங்க கையிலிருந்த பையை வாங்கிகிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து போனான்.

18/
உங்க தெருவுல, ஆபீஸ்ல, குடும்பத்துல டயாலிசிஸ் எடுக்கிறவங்க இருக்கலாம். காசு செலவில்லாம நீங்க செய்யக்கூடியது சில சொல்றேன்.

• டயாலிசிஸ் முடிஞ்சு வர்றப்போ உடம்பு பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கும். பஸ்ல கையில கட்டோட ஒருத்தர் நின்னா சீட் குடுங்க. வண்டி இருந்தா, ஒரு நாள் வீட்டுல கொண்டு போய் விடுங்க.

• ஃபிஸ்டுலா இருக்கிற கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. அந்தக் கையில பிரஷர் பாக்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனா, அவங்க சொல்ல மறந்தாலும் நீங்க சொல்லுங்க.

• பாக்கப் போறப்போ இளநீர், வாழைப்பழம், ஜூஸ் வேண்டாம். நமக்கு அது அன்பு, அவங்களுக்கு அது பொட்டாசியம். என்ன சாப்பிடலாம்னு கேட்டுட்டு வாங்குங்க.

• விருந்துல "ஒரு வாய் தண்ணி குடிச்சா என்ன ஆகப் போகுது"ன்னு வற்புறுத்தாதீங்க. சின்ன டம்ளர்ல குடுங்க, போதும்.

• முதலாளியா இருந்தா, டயாலிசிஸ் நாளைப் பாத்து வேலை நேரத்தை மாத்திக் குடுங்க. ஒரு வேலை இருக்குங்கிற நினைப்பே பாதித் தெம்பு.

• "இன்னும் எத்தனை நாள் இப்படி?"ன்னு கேக்காதீங்க. கிரிக்கெட்டைப் பத்திக் கேளுங்க, மாமியாரைப் பத்திக் கேளுங்க.

• எல்லாத்துக்கும் மேல, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு வேலையில உதவி கேளுங்க. தையல், கணக்கு, சமையல் குறிப்பு, ரிப்பேர், எதுவா இருந்தாலும் சரி.

அப்படியே உறுப்பு தானம் பத்தி வீட்டுல ஒரு தடவை பேசி வையுங்க. அந்த நேரம் வந்தா முடிவு எடுக்க வேண்டியது குடும்பம்தான்.

19/
டாக்டர், நர்ஸ் நண்பர்களுக்கு ஒண்ணு. 2012ல அமெரிக்காவுல, கான்சாஸ்ல ஒரு ஆய்வு. முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிஞ்சவங்களைப் பாக்குற டாக்டர் சிலர்கிட்ட நின்னுகிட்டுப் பேசினார், சிலர்கிட்ட உக்காந்து பேசினார். ரெண்டுக்கும் ஒரு நிமிஷம் சொச்சம்தான் ஆச்சு. உக்காந்து பேசினதைக் கேட்ட நோயாளிகளோ, அவர் அஞ்சு நிமிஷத்துக்கு மேல இருந்தார்னு சொன்னாங்க.

எங்க யூனிட்ல இரும்பு ஸ்டூல் ஒண்ணு கிடக்கு. ஒரு கால் ஆடும். ரவுண்ட்ஸ் போறப்போ அதை இழுத்துகிட்டேதான் போவேன். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் உக்கார நேரம் இருக்கு, ஏன்னா உக்கார்றதுக்குத் தனியா நேரம் ஆகாது.

20/
ரெண்டாம் நம்பர் கட்டிலுக்கு இப்போ ஒரு அக்கா வர்றாங்க. முதல் நாள் வாசல்லயே நின்னு, மெஷினையும் குழாயையும் பாத்துட்டு உள்ள வர மாட்டேன்னு அழுதாங்க. தம்பி அரைக்கைச் சட்டையில, ஊசி குத்தின கையோட படுத்திருந்தான். தலையைத் தூக்கிப் பாத்தான்.

"உள்ள வாங்கக்கா, உள்ள வாங்க. படியில நிக்காதீங்க. உங்க போன்ல ஏதாவது ரிப்பேர் இருக்கா?"

அவன் இப்போ சிறுநீரகத்துக்காகப் பதிவு பண்ணிக் காத்திருக்கான். டயாலிசிஸ் இல்லாத நாள்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சின்னதா ஒரு ரிப்பேர் கடை. ஷிஃப்ட் சொந்தங்களுக்கு இலவசம். போன வாரம் என் போன் ஸ்க்ரீன் உடைஞ்சு அவன்கிட்ட குடுத்தேன். சரி பண்ணிட்டு ஒரு ரேட் சொன்னான் பாருங்க...

"என்னடா, எனக்கு மட்டும் இவ்வளவு?"

"டாக்டருக்கு டபுள் சார்ஜ் மேடம். சில்லறையா குடுங்க."